படத்திறப்பில் நான் சொன்ன கதை

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவைத் தன் குரலாலேயே கட்டி ஆண்டு, கையில் பிடித்த ஒரே ஒரு மைக்கினால் பூதலூர் வரைக்கும் எட்டுத் திக்கையும் வென்று, தோற்ற அணிகளைக்கூட ஜெயித்ததாக நம்பவைத்து வீட்டுக்கு அனுப்பியவனும், உன் அம்மாவிடம் மட்டும் ஒருநாளும் ஜெயித்தறியாதவனுமாகிய உன் அப்பன் எழுதுகிறேன். ஊரே என்னை மாமா என்கிறது. பால்காரருக்கு மாமா, பஞ்சாயத்துத் தலைவருக்கு மாமா, என்னைவிட மூத்து, பல்லெல்லாம் கொட்டிப்போன பெரியவருக்கும் மாமா. அப்பா என்று கூப்பிட இந்தப் பூமியில் நீ ஒருவன்தான். கொஞ்ச நாளாக அந்த ஒருவனும் போனை எடுத்தால் "ம், சொல்லுங்க" என்று ஆரம்பித்து, "சரி, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாய். நடுவில் இருந்த அப்பாவைக் காணோம்.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் மண்டபம் பார்க்கலாம் என்கிறார்கள். நீயோ, "ஊர்ல வேணாம். எங்கயாவது ஒரு கோயில்ல, பத்துப் பேரோட முடிச்சுக்கறேன்" என்கிறாய். உன் அம்மா இதைக் கேட்டு, பட்டாளத்துக்குப் போனால் பிள்ளைகளுக்குக் கூட்டம் பிடிக்காமல் போய்விடும் போலிருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். காரணம் எனக்குத் தெரியும். ஊரில் கல்யாணம் வைத்தால் முதல் வரிசையில் நன்னிலத்துக் கலியபெருமாள் வந்து உட்காருவார். அவர் முகத்தை நீ பார்க்க வேண்டிவரும். அவர் முகத்தை நீ பார்க்க முடியாதபடி செய்தவன் நான்.

இதை உறையில் போட்டு, ஒட்டி, உன் யூனிட் முகவரிக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சொன்ன பொய்யை உறைக்குள் வைத்துச் சொல்லவில்லையே. பந்தல் போட்டு, மைக் கட்டி, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னேன். அப்படிச் சொன்னதை ஒருவன் காதில் மட்டும் திருத்தினால் அது திருத்தமாகாது. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயரும் ஊரும் போட்டு எழுதிக்கொள்ளட்டுமா என்று சம்பந்தப்பட்டவர்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டேன். "எழுதிக்குங்க. ஆனா பெருசு பண்ணாதீங்க" என்று உத்தரவு. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகக் கடினமான உத்தரவு இதுதான் தம்பி.

பெருசு பண்ணுவது எனக்கு வியாதி. நீ பிறந்த அன்று மேட்டூர் அணையின் கதவுகள் தாமாகவே திறந்துகொண்டன என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "அந்த வருஷம் ஆத்துல தண்ணியே வரல. குறுவையே போடல. பொறந்த பச்சப் புள்ளகிட்டயிருந்து ஆரம்பிச்சாச்சு புளுக" என்பாள். நீ அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாய். அப்போதே உனக்குள் ஒரு நீதிபதி உட்கார்ந்திருந்தான். நான்தான் அவனை வேடிக்கை பார்க்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டேன்.

தையில் ஆற்றில் தண்ணீரை நிறுத்தினால் ஆனியில் மறுபடி வருகிற வரைக்கும் காவிரி முழுக்க உங்களுக்கு மைதானம். மூங்கில் நட்டுக் கோல் போஸ்ட், கால் புதைகிற மணல், வெறுங்கால். அந்த மணலில் ஓடிப் பழகியவனைப் புல்தரையில் விட்டால் காற்றுகூடத் துரத்திப் பிடிக்க முடியாது என்று நான் மைக்கில் சொன்னது ஒன்றுதான் பொய்யில்லாத வர்ணனை. மற்றதெல்லாம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ உதைத்த பந்து ஒன்று மேலே போய் நெடுநேரம் கழித்துக் கீழே வந்தபோது திருவையாற்றுக் கோயிலில் உடைத்த தேங்காய் மூடி ஒன்றும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்றேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மன்பேட்டையிலிருந்து வந்த எதிரணிக்காரர்கள், "மாமா, எங்களையும் கொஞ்சம் புளுகுங்க மாமா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த இறுதி ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. நீ இடது ஓரமாக நாலு பேரைத் தாண்டிக் கொண்டுபோன பந்தை, கோலுக்கு எதிரே நின்றுகொண்டு நீயே அடிக்காமல், ரஃபீக்குக்குத் தள்ளிவிட்டாய். அவன் அடித்தான். நான் மைக்கில் உன் பெயரைச் சொன்னேன். ஆற்றுக்கு இரண்டு கரையும் கேட்கிற மாதிரி மூன்று தடவை சொன்னேன். நீ ஆட்டத்தை விட்டுவிட்டு, மணலில் நடந்து, என் மேசைக்கு வந்தாய்.

"அப்பா, அடிச்சது நான் இல்ல. ரஃபீக்கு. மாத்திச் சொல்லுங்க."

"போடா, யாரு அடிச்சா என்ன? நம்ம கோல்தானே."

"மாத்திச் சொன்னாத்தான் வெளையாடுவேன்."

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையும் உன்னையும் பார்த்தார். நான் மாற்றிச் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? "எம் மகன் பெருந்தன்மையோட விட்டுக் கொடுத்த கோலை ரஃபீக் அடிச்சாப்ல" என்றேன். ரஃபீக்கின் அத்தா கரையில் நின்றிருந்தார். பாவம், அவர் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கே சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

கல்லூரிக்காக ஆடினாய், மாவட்டத்துக்காக ஆடினாய். பந்து உனக்குச் சோறு போடாது என்று தெரிந்ததும், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பரீட்சை எழுதிப் பட்டாளத்து அதிகாரியாகிவிட்டாய். நீ லெப்டினன்ட் ஆனபோதே நான் கடைத்தெருவில் தளபதி என்று அறிவித்துவிட்டேன். பிறகு நீ கேப்டன் ஆனாய் என்று சொன்னபோது, "தளபதிலேருந்து எறக்கிட்டாங்களா மாமா?" என்று டீக்கடைக்காரர் துக்கம் விசாரித்தார். நீ லீவில் வந்து இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாய். அப்போதெல்லாம் என் பேச்சு உனக்குச் சிரிப்பாக இருந்தது. அதற்கு நன்றி.

ஒருநாள் போனில், "அப்பா, நம்ம பக்கத்து ஆள் ஒருத்தன் என் கம்பெனிக்கு வந்திருக்கான். வினோத்து. நன்னிலம். கோல் கீப்பர்" என்றாய். "ஆளு எப்படிடா?" என்றேன். "வாய் உங்கள மாதிரி" என்றாய். மலையில் காற்று மெலிந்த இடத்தில் பந்தை உதைத்தால் நிற்காமல் பறக்கிறது என்றும், ஒவ்வொரு தடவையும் வினோத் சரிவில் இறங்கி அதை எடுத்துக்கொண்டு, நன்னிலத்து வசவுகளை இமயமலைக்கே கற்றுக்கொடுத்தபடி ஏறி வருகிறான் என்றும் சொன்னாய். இத்தனைக்கும் நான் அவனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து தஞ்சாவூர்ப் பெரிய கோபுரத்தை இன்னும் நாலு நிலை உயர்த்தியிருப்போம்.

பிறகு எல்லையில் சண்டை வந்தது. டி.வி.யைப் போட்டால் உன் அம்மா அணைப்பாள். அணைத்தால் அவளே போடுவாள். ஒருநாள் மத்தியானம் நீ பேசினாய். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"அப்பா, வினோத் போய்ட்டான்ப்பா. தண்ணி எடுக்க நான்தான் அனுப்பினேன். போன எடத்துல குண்டு விழுந்துட்டு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ விடவில்லை.

"என்னால வர முடியாது. நீங்க அவங்க வீட்டுக்குப் போங்க. போய்ச் சும்மா உக்காந்துட்டு வாங்க. எதுவும் பேச வேணாம்ப்பா. புரியுதா? பேச வேணாம்."

போனேன். முதல் தடவை நீ சொன்னபடியே உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன். கலியபெருமாள் குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். வரப்பிலே நடந்து நடந்து ஒல்லியாகிப்போன உடம்பு. மனைவி பெயர் வசந்தா. ஒரே பையன். இருவரும் அழுதுகூட முடிக்கவில்லை. ராணுவ மரியாதை, மந்திரி, கூட்டம், கேமரா என்று எல்லாம் நடந்து முடிந்து, வீடு அவர்களிடம் திரும்பி வந்தபோது அழுவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

பதினாறாம் நாள் படத்திறப்பு. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். படத்தைத் துணியால் மூடி மாலை போட்டு வைத்து, ஒவ்வொருவராக மைக்கில் வந்து செத்தவரை வானத்துக்கு ஏற்றிவிட்டு, கடைசியில் துணியை விலக்குவார்கள். கட்சிக்காரர்கள் பேசினார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர் பேசினார். எல்லோரும் வீர மரணம், வீர மரணம் என்றார்கள். எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் காலியாகவே வந்து விழுந்தது. கலியபெருமாள் முன்னால் தலையைக் குனிந்தபடியே இருந்தார். அப்போது யாரோ, "கேப்டனோட அப்பா வந்திருக்காங்க. ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

நான் மறுத்திருக்கலாம் தம்பி. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உன் குரல் காதில் இருந்தது, பேச வேணாம் என்று. ஆனால் மைக் கைக்கு வந்த பிறகு நான் சும்மா இருந்த சரித்திரமே கிடையாது. தண்ணீர் எடுக்கப் போனான் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அந்தப் பந்தலுக்கு, அந்த மாலைக்கு, தலை குனிந்திருந்த அந்த மனிதருக்கு முன்னால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. நான் அதைப் பெருசு பண்ணினேன். குண்டு வருவதை வினோத் பார்த்தான், என் மகன் பார்க்கவில்லை, கோல் கீப்பர் பந்துக்குப் பாய்கிற மாதிரி பாய்ந்து என் மகனைக் கீழே தள்ளி அவன்மேல் விழுந்து மூடிக்கொண்டான், ஒரு சொல்லும் பேசாமல் உயிரை விட்டான், இன்றைக்கு என் மகன் மூச்சு விடுகிறான் என்றால் அது வினோத் விட்டுப் போன மூச்சு என்று சொன்னேன்.

பந்தலே கதறியது. கலியபெருமாள் தலையை நிமிர்த்தினார். அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்தார். அதைப் பார்த்து எனக்குள் ஒரு நிறைவு வந்தது. நல்ல ஆட்டத்துக்கு நல்ல வர்ணனை சொல்லிவிட்டு மைக்கை வைக்கும்போது வருமே, அந்த நிறைவு. அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒரு தகப்பனுக்கு ஆறுதல் கொடுத்துவிட்டேன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தவன் அதை ஏன் மறைத்தான் என்று என்னை நானே கேட்டிருக்க வேண்டும்.

அதன்பிறகு கலியபெருமாள் நம் வீட்டுக்கு உறவாகிவிட்டார். அறுப்பு முடிந்தால் முதல் அரிசி நமக்கு வரும். "எம் புள்ள காப்பாத்துன புள்ள சாப்புடட்டும்" என்று வைத்துவிட்டுப் போவார். நீ மாசியில் லீவில் வந்தாய். நீ வந்த செய்தி கேட்டு அவர் விடிந்ததும் வந்து நின்றார். நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து உன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார்.

"இதுக்குள்ளதான் தம்பி எம் மவன் இருக்கான். அவன் குடுத்த உசுருல்ல. பாத்துக்குங்க. கல்யாணத்துக்கு நான் வந்து மாலை எடுத்துத் தரேன். அவன் நின்னு செய்ய வேண்டியது."

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். உன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் போகிற வரைக்கும் அவர் சொன்னதற்கெல்லாம் "சரிங்க, சரிங்க" என்றாய். போன பிறகு சட்டையின் அந்த இடத்தைத் துடைப்பது மாதிரித் தடவிவிட்டுக் கேட்டாய்.

"நான்தான் அவன அனுப்பினேன்னு ஒங்ககிட்ட சொன்னேன்லப்பா?"

"அந்த மனுசன் நெலமையப் பாத்துத்தான்டா..."

"அவனக் கொன்னவன் நெஞ்சுல கை வச்சு வாழ்த்திட்டுப் போறாரு."

நீ கொல்லவில்லை என்று உன் அம்மா அலறினாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ லீவு முடியுமுன்னே பெட்டியைக் கட்டிவிட்டாய். உன் அம்மா என்னோடு சண்டைகூடப் போடவில்லை. "ஒங்க வாய்க்கு இன்னும் என்னங்க வேணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு அவள் பாட்டுக்கு அரிசி களைந்தாள்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள், சொல்லிவிடுகிறேன். வருகிற பெண்ணிடம் நடந்ததை நடந்த அளவிலேயே கொண்டுபோய் வை. அவளைச் சந்தோஷப்படுத்தக் கூட்டாதே. அவளுக்குப் பாரமாகுமே என்று குறைக்கவும் செய்யாதே. நீ கூட்டுகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ குறைக்கிறாய். "ஒண்ணுமில்ல, சரி, வைக்கிறேன்" என்பதும் ஒரு புளுகுதான் தம்பி. என்னுடையது வாய்விட்ட புளுகு, உன்னுடையது வாய்மூடிய புளுகு. இரண்டையும் ஒரே வீட்டில் வளர்த்திருக்கிறோம். உன் அம்மா எப்படித்தான் இருக்கிறாளோ.

போன வாரம் நான் நன்னிலம் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. உன் கல்யாணத்தைக் கோயிலுக்குள் ஒளித்துவைக்கிறாய் என்றதும் போனேன். மாலை போடும் இடத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்ட மனிதருக்குப் பத்திரிகைகூடப் போகாது என்பதை நினைத்தபடியே போனேன். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, கால் சேற்றோடு கலியபெருமாள் வந்து உட்கார்ந்தார். பத்திரிகை வைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "வசந்தா, தட்டு எடுத்துட்டு வா" என்றார். தட்டு வந்துவிட்டது. அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் சொன்னேன். உங்கள் மகன் யாரையும் காப்பாற்றவில்லை, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் குண்டு விழுந்தது, நான் சொன்னதெல்லாம் நானாகக் கட்டியது என்றேன்.

கலியபெருமாள் காலில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தார். "ஒரு வருசமா நான் அத வச்சுக்கிட்டுத்தாங்க நடமாடுறேன்" என்றார். "அதையும் எடுத்துட்டுப் போக வந்தீங்களா?" அவர் எழுந்து, மடை எதையோ பார்க்க வேண்டும் என்பதுபோல வயல் பக்கம் போனார். அப்போதுதான் தண்ணீர் வைத்துவிட்டு வந்தவர். நான் இருந்த வரைக்கும் திரும்பி வரவில்லை.

வசந்தாம்மா தட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"தண்ணி எடுக்க யாரு அனுப்புனது?"

என் நாக்கு உடனே தயாராகிவிட்டது தம்பி. யாரும் அனுப்பல, அவனாத்தான் போனான், மத்தவங்க தாகம் பொறுக்காத புள்ள, என்று முழு வாக்கியமாகவே கட்டிக்கொண்டு நின்றது. உன்னைக் காப்பாற்ற இன்னொன்று. அதை விழுங்கினேன்.

"எம் மவன்தாங்க."

அவர் அழுவார், திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே, மெல்லக் கேட்டார்.

"அப்ப கடைசியா எம் புள்ளகிட்ட பேசினது அந்தத் தம்பிதானா?"

"ஆமாங்க."

"இத ஏங்க ஒரு வருசமா சொல்லல? ஒங்க கதையில எம் புள்ள வாயே தொறக்காம செத்தான். ஒரு நிமிசம் அவன் பேசாம இருந்ததில்ல. தூக்கத்துலயும் பேசுவான். தண்ணி எடுத்துட்டு வான்னு சொன்னா ஏதாச்சும் சொல்லிட்டுத்தான் போயிருப்பான். சலிச்சுக்கிட்டாவது போயிருப்பான்." என் பக்கம் திரும்பினார். "ஒங்க புள்ளைய மிச்சம் வைக்கணும்னு எம் புள்ள வாய அடைச்சிட்டீங்க."

நான் ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க பேசாதீங்க. அந்தத் தம்பிய வரச் சொல்லுங்க. என்ன சொல்லி அனுப்புனாரு, அவன் என்ன சொல்லிட்டுப் போனான், அத எனக்குச் சொல்லட்டும். அவரு பயப்பட வேணாம்னு சொல்லுங்க. நீங்க மட்டும் கூட வராதீங்க."

அவ்வளவுதான். இதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கல்யாணத்தை நீ கோயிலில் வை, மண்டபத்தில் வை, காட்டில் வை. எங்கே வைத்தாலும் அதற்கு முன்னால் நன்னிலம் போ. நீ அங்கே போகாமல் எங்கே மாலை மாற்றினாலும் அந்தக் கை உன் நெஞ்சிலேயேதான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடி. வாய்க்கால் மதகைத் தாண்டியதும் இடது பக்கம் ஓட்டு வீடு. ஒரு நாய் குரைக்கும், கடிக்காது. கலியபெருமாள் வாசலில் இருந்தால் உன்னோடு பேச மாட்டார். அதை அவருடைய உரிமை என்று எடுத்துக்கொள். வசந்தாம்மா என்ன கேட்கிறாரோ அதற்குப் பதில் சொல். வினோத் கடைசியாகச் சொன்னது சலிப்பாக இருந்தால் சலிப்பாகவே சொல், வசவாக இருந்தால் வசவாகவே சொல். உன்னைத்தான் திட்டினான் என்றால் அதையும் அப்படியே சொல். நீ அழுதால் அழு. அங்கே யாரும் உன்னைக் கேப்டன் என்று நினைக்கப் போவதில்லை.

நான் வர மாட்டேன். அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பி வந்து எனக்குச் சொல்லாதே. அது அந்தம்மாவுக்கு உரியது.